முறிகண்டியில் நிற்காத பஸ்

நோயாளியின் முகத்தைப் பாருங்கள் என்று, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு எல்லோரும் சொல்லித் தந்திருப்பார்கள். முகத்தையும் பாருங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆண்களின் முகத்தில் ஒன்றையும் கண்டுபிடிக்க முடியாது. அதிலும் இடுப்புக்குக் கீழே ஒரு வருத்தம் வந்துவிட்டால், முகத்தைப் பூட்டித் திறப்பை வீட்டிலே வைத்துவிட்டுத்தான் கிளினிக்குக்கு வருவார்கள். ஆகவே கால்களைப் பாருங்கள். ஏன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வேலையில் இருந்தபோது எனக்கே இல்லாத பொறுமையை உங்களிடம் கேட்கிறேன் என்பது தெரியும். ஓய்வூதியம் வாங்கத் தொடங்கியவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

கதிர்ச்சிகிச்சைக்கு ஆட்களை ஆயத்தப்படுத்தும் தாதியாகத்தான் என் கடைசிக் காலம் முழுவதும் போனது. இயந்திரம், அளவு, கணக்கு எல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்திருக்கிறீர்கள். நான் சொல்ல வருவது ஒரே ஒரு விஷயம் பற்றி. புற்றுநோய்க்காகப் புரொஸ்டேட் சுரப்பியை வெட்டி எடுத்தபிறகும் கதிர் தேவைப்படுகிறவர்களிடம் நாங்கள் இரண்டு காரியம் கேட்போம். மலக்குடல் வெறுமையாக இருக்க வேண்டும், சலப்பை, அதுதான் சிறுநீர்ப்பை, நிறைந்திருக்க வேண்டும். சலப்பை நிறைந்தால்தான் அது குடலை மேலே தள்ளிக் கதிரின் வழியிலிருந்து விலக்கும். வெறுமையாக இருந்தால் குடல் கீழே சரிந்து வந்து சுடுபடும். ஆயத்த ஸ்கானை எடுத்து அதன் மேல்தான் முழுச் சிகிச்சையையும் டொக்டர் கீறித் திட்டமிடுவார். அந்த ஸ்கான் பிழைத்தால் எல்லாம் பிழைத்தது.

சொல்வதற்கு என்ன, சுகம். ஆனால் யாரிடம் சொல்கிறோம் என்று பாருங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிறகு, இருமினால் ஒழுகுகிறது, தும்மினால் ஒழுகுகிறது என்று வெளியில் தலை காட்டவே கூசுகிற ஒரு மனிதரிடம் போய், வயிறு முட்டத் தண்ணீர் குடியுங்கள், அடக்குங்கள், பிறகு அந்நிய ஆட்களுக்கு முன்னால் அசையாமல் படுத்திருங்கள் என்கிறோம்.

செல்லத்துரை அண்ணை அப்படித்தான் வந்தார். ஊர் பண்டத்தரிப்பு. யாழ்ப்பாணம் – கொழும்பு பஸ் ஓட்டிய சாரதி. பெரிய உடம்பு, அதற்கேற்ற மீசை, நெற்றியில் மூன்று குறியாகத் திருநீறு. அறுவை முடிந்து எல்லாம் சரி என்றிருந்த வேளையில் இரத்தப் பரிசோதனையில் புற்றுநோயைக் காட்டும் அளவு மறுபடி ஏறத் தொடங்கியிருந்தது. இப்போது கதிர் கொடுத்தால் முழுதாக மாற்றிவிடலாம், பிந்தினால் அது வேறு இடத்துக்குக் குடிபோய்விடும் என்று எங்கள் டொக்டர் அவரிடமும் மனைவி பரமேஸ்வரி அக்காவிடமும் வெளிப்படையாகவே சொன்னார். அண்ணை கேட்டது ஒரே கேள்வி.

"திருப்பி பஸ் ஓடலாமோ, டொக்டர்?"

"கெதியா தொடங்கினா ஓடலாம்."

"அப்ப தொடங்குவம்."

முதல் தடவை ஸ்கான் அறைக்குள் அவர் நுழைந்தபோது கால்கள் இரண்டும் கழுவி ஈரமாக இருந்தன. திருநீறும் புதிதாகப் பூசியிருந்தார். நான் மெதடிஸ்த குடும்பத்துப் பெண். எங்கள் வீட்டில் படுக்கப் போகும்போதுதான் கால் கழுவுவோம். எனக்கு அந்த ஈரத்தைக் கண்டு ஒரே சந்தோஷம். முற்றத்துக் குழாயில் கால் கழுவிக்கொண்டு, கோயிலுக்குள் போவதுபோல எங்கள் அறைக்குள் வருகிறாரே மனிதர் என்று கூட வேலை செய்த பிள்ளைகளிடம் பெருமை வேறு அடித்தேன்.

ஸ்கான் படத்தில் சலப்பை காற்றுப்போன பலூனாகக் கிடந்தது.

"தண்ணி குடிச்சனீங்களோ அண்ணை?"

"ஓம்."

"சொன்ன அளவு?"

"ஓம்."

"நான்தான் வாத்துக் குடுத்தனான் சிஸ்டர், ஒரு சொட்டும் மிச்சமில்லை" என்றார் பரமேஸ்வரி அக்கா.

சரி, ஒருநாள் அப்படி ஆகும் என்று இன்னொரு நாள் கொடுத்தோம். இந்தமுறை நானே படம் கீறிக் காட்டி விளங்கப்படுத்தினேன். சலப்பை நிறைந்திருக்க வேண்டும், நிறைந்தால்தான் குடல் தப்பும். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்றார். அன்றும் கழுவிய கால், புதுத் திருநீறு. படத்தில் அதே பலூன்.

எங்கள் ஆட்களின் "ஓம்" பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செல்லத்துரை அண்ணை ஒரு பொய்யும் சொல்லவில்லை. குடித்தீர்களா என்று கேட்டோம், குடித்திருந்தார். விளங்கியதா என்று கேட்டோம், விளங்கியிருந்தது. கேட்க வேண்டிய கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு எங்கள் பக்கத்தில் யாரும் பதில் சொல்வதில்லை.

மூன்றாம் தடவைதான் கதையே. அன்றோடு ஸ்கான் இயந்திரத்தைத் திருத்த வேலைக்காக நிறுத்தப்போகிறார்கள். உதிரிப்பாகம் எப்போது வரும் என்று கேட்டால் எல்லோரும் மேலே பார்த்தார்கள். அண்ணையின் இரத்தப் பரிசோதனையோ இன்னும் ஏறியிருந்தது. காலையிலேயே டொக்டர் என்னை வழியில் மறித்தார்.

"சிஸ்டர், இண்டைக்கும் வெறுமையா இருந்தா நான் இவரைத் திருப்பி சத்திரசிகிச்சை டொக்டரிட்டை அனுப்புறன். அடக்கிற தசை பழுதாப் போச்சுது போலை. குடலைச் சுட்டுப்போட்டு நான் ஆருக்குப் பதில் சொல்லுறது?"

அவர் சொன்னதில் பிழையில்லை. திருப்பி அனுப்பினால் எத்தனை மாதம் போகும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்த மாதங்களில் அந்த வருத்தம் சும்மா இருக்காது என்பதும் தெரியும்.

அன்று நான் பக்கத்தில் நின்று தண்ணீர் குடிக்க வைத்தேன். விறாந்தையில் ஆட்கள் காத்திருக்கும் நீட்டு வாங்கில் இருத்தினேன். நேரம் ஆனதும் ஸ்கான் எடுக்கும் தம்பி கதவைத் திறந்து, "செல்லத்துரை!" என்று கூப்பிட்டான். நான் கையிலிருந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். வாங்கில் ஆளைக் காணவில்லை. கொஞ்சம் பொறுத்து விறாந்தையின் அந்தத் தொங்கலிலிருந்து, கடைசி முனையிலிருந்து, நடந்து வந்தார். வழுவழுப்பான நிலத்தில் அவருடைய காலடிகள் ஒவ்வொன்றாக ஈரமாகப் பதிந்துகொண்டே வந்தன. நேரே அறைக்குள் போய்விட்டார்.

நான் அந்த ஈரத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முற்றத்தில் கால் கழுவும் குழாயை அன்று காலை கழற்றிப் போட்டிருந்தார்கள். அதற்காகத் திருத்த வந்தவனோடு நானே சண்டை பிடித்திருந்தேன். அப்படியானால் இந்த ஈரம் எங்கிருந்து வந்தது? அந்தத் தொங்கலில் வேறு தண்ணீர் கிடையாது, ஆண்களின் கழிப்பறையைத் தவிர. பக்தியாவது மண்ணாங்கட்டியாவது! சலம் போய்விட்டு, நல்ல வளர்ப்பில் வளர்ந்த ஆள் என்றபடியால் கால் கழுவித் திருநீறும் பூசிக்கொண்டு வருகிறார். மூன்று தரமும் அப்படித்தான் வந்திருக்கிறார்.

நான் அறைக்குள் ஓடினேன். அண்ணை ஸ்கான் கட்டிலில் ஏறி உட்கார்ந்துவிட்டார். தம்பி பொத்தானுக்குப் பக்கத்தில் நிற்கிறான். விரிப்போடு ஒரு சின்னப் பெண் நிற்கிறாள். வாசலில் பரமேஸ்வரி அக்கா. என் வாயைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். "உங்களுக்கு என்ன விசரோ அண்ணை" என்ற வார்த்தை நுனி நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. அந்த இடத்தில் அதைச் சொல்லியிருந்தால் மனிதர் இறங்கிச் சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு பண்டத்தரிப்புக்குப் போயிருப்பார். திரும்பி வந்திருக்கவே மாட்டார். இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். உண்மை கையில் கிடைத்துவிட்டது என்பதற்காக அதை எல்லோருக்கும் முன்னால் போட்டு உடைக்க வேண்டியதில்லை.

"அண்ணை, ஒருக்கால் இறங்கி வாங்கோ. ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு" என்றேன். பொய்தான். நல்ல உபயோகமான பொய்.

என் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்கக்கூடாது. சலம் போட்டுத்தானே வாறியள்?"

அவர் சுவரில் தொங்கிய கலண்டரைப் பார்த்தார்.

"முதல் தரம் எனக்கு விளங்கேல்லை சிஸ்டர். வயித்தாலை போய் வெறுமையா வாங்கோ எண்டனீங்கள். அப்ப எல்லாம் துப்பரவா இருக்க வேணுமாக்கும் எண்டு நினைச்சன்."

"ரெண்டாந்தரம் நான் படமே கீறிக் காட்டினனான்."

"ஓம். விளங்கினது."

"பேந்து ஏன் அண்ணை?"

அவ்வளவு பெரிய மனிதர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார்.

"ஒப்பரேசன் செய்து, குழாயைக் கழட்டின அண்டைக்கு, கட்டிலாலை இறங்கேக்கை நிலமெல்லாம் ஈரமாக்கிப்போட்டன். ஒரு பிள்ளை, என்ரை மகளின்ரை வயசிருக்கும், குனிஞ்சு துடைச்சது. நான் பாத்துக்கொண்டு நிண்டனான். அந்த நேரமே உயிர் போயிருக்கலாம் எண்டு இருந்தது. இஞ்சை என்ரை பேரைக் கூப்பிட்ட உடனை அதுதான் ஞாபகம் வருது. கால் தன்ரை பாட்டிலை அங்கை போகுது, சிஸ்டர்."

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. உயிரை விடவும் தயார், ஒரு கட்டிலை நனைக்கத் தயாரில்லை. மருந்துக்குப் போன இடத்தில் இப்படி ஒரு மரியாதையை யார் இவர்களுக்குப் படிப்பித்தது? ஆனால் அழுதுகொண்டிருக்க நேரம் இல்லை. டொக்டர் எந்த நிமிடமும் கதவைத் தட்டுவார்.

"அண்ணை, உங்கடை பஸ்ஸிலை ஆரும் வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்கிறேல்லையோ?"

"ஏன் எடுக்காயினம்? நெடுகத்தான்."

"அப்ப என்ன செய்வியள்?"

"என்ன செய்யிறது, ஓரமா நிப்பாட்டி, மண்ணைப் போட்டு அள்ளிக் கழுவுவம். கொண்டக்டர் மூக்கைப் பொத்தினா நானே இறங்கிக் கழுவுவன்."

"சத்தி எடுத்த ஆளைச் செத்துப்போ எண்டு பேசுவியளோ?"

"சீச்சீ! பாவங்கள், பஸ் ஆடினா அதுகள் என்ன செய்யிறது? மணக்கிறதுக்கு ஒரு தேசிக்காயைக் குடுத்து முன்சீற்றிலை இருத்துவம்."

"அப்ப எங்கடை பஸ்ஸிலை நீங்கள் ஏறினா மட்டும் வேறை சட்டமோ?"

அண்ணை என்னை நிமிர்ந்து பார்த்தார். மீசை கொஞ்சம் அசைந்தது. அது போதும் எனக்கு.

வெளியே போய் டொக்டரிடம் ஒரு மணித்தியாலம் கேட்டேன். "சிஸ்டர், இது என்ன தேத்தண்ணிக் கடையோ, நினைச்ச உடனை நிப்பாட்டி வைக்கிறதுக்கு?" என்றார். "ஓம் டொக்டர், ஒரு மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணிக் கடை. நான் பொறுப்பு" என்றேன். காரணம் கேட்டார். பிறகு சொல்கிறேன் என்றேன். இன்றுவரை சொல்லவில்லை. இதை வாசித்தால்தான் அவருக்கே தெரியவரும். காத்திருந்த வேறு ஆட்களை முன்னுக்கு எடுக்கச் சொல்லிவிட்டு, அண்ணைக்கு இன்னொரு போத்தல் தண்ணீரோடு என் அறைக்குத் திரும்பினேன். பம்பஸ் கட்டியபடியே படுக்கலாம், கட்டிலில் றெக்சின் விரிப்போம், ஒழுகினால் ஒழுகட்டும், ஸ்கான் கெடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். முக்கியமாக, இனி யாரும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், நானே வந்து கூட்டிப்போவேன் என்றேன்.

குடித்து முடித்துக் கதிரையில் உட்கார்ந்தவர், கொஞ்ச நேரத்தில் நெளியத் தொடங்கினார். கண் கதவுக்குப் போனது.

"அண்ணை, இப்ப பஸ் எங்கை நிக்குது?" என்றேன் சும்மா.

அவருக்கு உடனே பிடிபட்டுவிட்டது. இரண்டு கையும் முன்னால் வந்து, இல்லாத ஸ்டியரிங்கைப் பிடித்தன.

"நாவற்குழிப் பாலம் தாண்டிட்டன்."

"கஷ்டமோ?"

"இல்லை, இப்பதானே வெளிக்கிட்டது."

நான் மற்ற வேலைகளைப் பார்த்துக்கொண்டு இடையிடையே தலையை நீட்டினேன். கொழும்பு வழியில் சாவகச்சேரி போனது. கொடிகாமம் போனது. பளையில் கொஞ்சம் முகம் சுளித்தார். ஆனையிறவில் காற்று அடிக்குது என்றார், வியர்த்துக்கொண்டு. பரந்தன். கிளிநொச்சி. அடுத்த தரம் போனபோது ஆள் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"சிஸ்டர், முறிகண்டி வந்திட்டுது."

வடக்கிலே ஓடுகிற எந்த வாகனமும் முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் தாண்டாது. சனமும் அந்த இடத்தில்தான் இறங்கிச் சலம் போகும்.

"நிப்பாட்டக்கூடாது அண்ணை."

"முறிகண்டியிலை நிப்பாட்டாமல் எப்பிடிப் போறது? இவ்வளவு காலத்திலை நான் ஒரு நாளும் அப்பிடிப் போகேல்லை!"

"இண்டைக்கு ஓடுங்கோ. பிள்ளையாரிட்டை நான் மன்னிப்புக் கேக்கிறன்."

"நீங்கள் வேதக்காரர் எல்லே?"

"அவர் அதெல்லாம் பாக்க மாட்டார். எழும்புங்கோ, இனி நேரை ஸ்கான் அறைதான்."

கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். வழியில் கழிப்பறைக் கதவு வந்தது. நான் அந்தப் பக்கமாக நடந்தேன், அவர் என் மறுபக்கமாக. காலைப் பார்த்தேன். காய்ந்த கால்.

படுத்தார். தம்பி குறிகள் வைத்தான். எல்லோரும் வெளியே வந்து கண்ணாடிக்குப் பின்னால் நின்றோம். கட்டில் வளையத்துக்குள் போகத் தொடங்கியதும் அவருடைய கால்விரல்கள் மடங்குவதைக் கண்டேன். அசைந்தால் படம் கெடும். தம்பியின் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பறித்தேன்.

"அண்ணை, மாங்குளம். அசையாதையுங்கோ."

விரல்கள் நின்றன.

"புளியங்குளம். வடிவா ஓடுறியள்."

டொக்டர் பக்கத்தில் வந்து நின்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை.

"ஓமந்தை. இன்னும் கொஞ்சத் தூரம்தான்."

திரையில் படம் வரத் தொடங்கியது. சலப்பை நன்றாகத் திரண்டு, குடலையெல்லாம் மேலே தள்ளிக்கொண்டு, புத்தகத்தில் கீறி வைத்த மாதிரி இருந்தது. டொக்டர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "அருமை" என்றார். அந்த மனிதரின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"வவுனியா!" என்று ஒலிவாங்கியில் கத்தினேன். "அண்ணை, இறங்கலாம்!"

இறங்கிய கையோடு நிலத்தில் கொஞ்சம் சிந்தத்தான் சிந்தியது. விரிப்போடு நின்ற அந்தச் சின்னப் பெண் துணியை எடுத்துக்கொண்டு குனிந்தாள். நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, குறை நினையாதை. ஒரு தேசிக்காய் இருந்தாத் தந்துவிடு" என்றார்.

இந்த ஆளுக்கு இப்போது எலுமிச்சங்காய் எதற்கு என்று அவளுக்கு விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே விறாந்தையில் ஓடினார். அன்று அந்தக் கட்டடத்தில் என்னைப்போலச் சந்தோஷமான ஆள் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள், ஓடிப்போய்ச் சேர்ந்த அவரைத் தவிர.

பிறகு நாளாந்தம் சிகிச்சைக்கு வந்தார். நாளாந்தம் நிறைந்த சலப்பைதான். வாங்கில் புதிதாக வந்து உட்கார்ந்தவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பேர் கூப்பிட்டதும் மெல்ல எழுந்து அந்தத் தொங்கலுக்கு நழுவப் பார்த்த புத்தூர்க் கமக்காரர் ஒருவரை, "எங்கை போறியள்? இருங்கோ!" என்று கையில் பிடித்து இருத்தியதை நானே கண்டேன். புத்தூர்க்காரருக்கு பஸ் வழி சரிவரவில்லை. அவர் இருந்த இடத்திலேயே மனதுக்குள் தன் வெங்காயத் தோட்டத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறினார். தொண்டைமானாற்றிலிருந்து வந்தவர் கடலுக்குப் போய் வலை வளைத்துக்கொண்டு வந்தார். முன்பெல்லாம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருந்த வாங்கு அது. இப்போது "எங்கை நிக்கிறியள்?" "கடைசிப் பாத்தி" என்று சத்தமாகக் கதைத்துக்கொண்டிருந்தது. பெண்கள் பகுதியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரிப்பார்கள். ஒருவரும் சாகவில்லை வெட்கத்தால்.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். படத்தில் ஒன்று பிழையாக வந்தால் உடனே தசையையும் நரம்பையும் குற்றம் சொல்லாதீர்கள். அந்த ஆள் வாங்கிலிருந்து கட்டிலுக்கு எந்த வழியால் வந்தார் என்று பாருங்கள். கண்டுபிடித்துவிட்டால், அவருக்குத் தெரிந்த தொழிலுக்குள் போய் நின்று கதையுங்கள். எங்கள் தொழிலில் அவர் வெறும் நோயாளி. அவருடைய தொழிலில் அவர் சாரதி.

சிகிச்சை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு காலைநேரம் மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஆள் அரவம். நிமிர்வதற்கு முன்பே கண்ணில் பட்டது நிலத்தில் பதிந்திருந்த ஈரக் காலடிதான். கழிப்பறைப் பக்கமிருந்து என் அறை வரைக்கும் வரிசையாக வந்திருந்தது. பார்த்ததும் ஆளைத் தெரிந்துவிட்டது.

"இண்டைக்குக் கழுவலாம்தானே, சிஸ்டர்?" என்றார் செல்லத்துரை அண்ணை. சாரதிச் சட்டை போட்டிருந்தார்.

"இரத்தம் பாத்தவையோ?" என்றேன். எனக்கு அதுதான் தெரிய வேண்டியிருந்தது.

"பாத்தவை. இப்ப அளக்கவே ஏலாத அளவுக்குக் கீழை போட்டுதாம். டொக்டர் கை தந்தவர்." சொல்லிவிட்டு, கடதாசியில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார். "முந்தநாள் திருப்பி ஓடத் தொடங்கிட்டன். இடையிலை ஒருக்காலும் இறங்க வேண்டி வரேல்லை. ஆனால் முறிகண்டியிலை நிப்பாட்டினனான். உங்கடை பேரிலை ஒண்டு உடைச்சனான், நீங்கள் மன்னிப்புக் கேக்கிறன் எண்டு சொல்லிப்போட்டுக் கேட்டிருக்க மாட்டியள் எண்டு எனக்குத் தெரியும்."

கடதாசிக்குள் பாதித் தேங்காய். கேட்கவில்லைத்தான். எழுந்து அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

அவர் போனபிறகு, துடைப்பத்தோடு ஒரு பிள்ளை வந்து வாசலில் நின்றாள். நிலம் ஈரமாக இருக்கிறது, யாராவது வழுக்கி விழுவார்கள் என்றாள்.

"விடு பிள்ளை, அது தன்ரை பாட்டிலை காயட்டும்" என்றேன்.